ஒரு லெட்டர் வேணும்ணே

உங்களுக்கு எம்.பி. யாரையாவது தெரியுமா?

தெரியும் என்றால் உங்கள் போன் சும்மா இருக்காது. பத்திரிகைத் தொழிலில் இருபது வருஷம் ஓட்டியதில் எனக்கு இரண்டு மூன்று பேரைத் தெரியும். இந்த ரகசியம் எப்படியோ என் சொந்த ஊரான ராஜபாளையம் வரைக்கும் கசிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு போனாவது வரும். நலம் விசாரிப்பு, மழை விசாரிப்பு, சஞ்சீவி மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா இல்லையா என்கிற வர்ணனை எல்லாம் முடிந்ததும் குரல் கொஞ்சம் தாழும்.

"அண்ணே... ஒரு லெட்டர் வேணும்ணே."

என்ன லெட்டர் என்று கேட்க வேண்டியதில்லை. எம்.பி.யின் லெட்டர்பேடில் நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. ரயிலில் பெர்த்துக்கு, மகனின் எஜுகேஷன் லோனுக்கு, மாப்பிள்ளையின் டிரான்ஸ்ஃபருக்கு, திருப்பதி தரிசனத்துக்கு. அந்த நாலு வரி சரியா, தப்பா? இதுதான் இந்த வாரக் கேள்வி. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பல வருஷமாக இந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதினால் அது பொய். அவ்வப்போது கெடுக்கிறது. அது நிஜம்.

காரணம் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இதயத்தில் வால்வு பிரச்னை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். எங்கள் பாதையில் பிராட்கேஜ் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தால் வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்திச் சொச்சம். பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போகிற நிலைமையில் அப்பா இல்லை. அவருடைய சிநேகிதர் ஒருவருக்கு ஒரு எம்.பி.யைத் தெரியும். எங்கள் தொகுதிக்காரர்கூட இல்லை. யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நல்ல மனுஷர், அது போதும்.

காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் முப்பது பேர். பத்து மணிக்கு என் முறை வந்தது. "அப்பாவுக்கா? கவலைப்படாமப் போங்க தம்பி" என்று தோளில் தட்டினார். பி.ஏ. என் பி.என்.ஆர். நம்பரை வாங்கிக்கொண்டார். ஃபேக்ஸ் போனது. சாயங்காலம் சார்ட்டில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தன. அப்பாவுக்கு லோயர் பெர்த், எனக்கு அதே பக்கம் மிடில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் அந்த எம்.பி.யை நினைத்தால் நன்றிதான் வருகிறது. அதில் மாற்றமில்லை.

ரயில் ராஜபாளையத்தை விட்டால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு தம்பதி ஏறினார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயசு. அவர் கையில் பெரிய எக்ஸ்ரே கவர். அந்தம்மா கையில் ஒரு வயர்கூடை. வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று, இரண்டு.

"ஒண்ணாம் நம்பர்னா எப்படியும் கிடைச்சிரும்னு சொன்னாங்க தம்பி" என்றார் பெரியவர். கிடைக்கவில்லை. டி.டி.ஆர். கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்களுக்கு எத்தனாவது நம்பர் தம்பி?"

"நாற்பதுக்கு மேலண்ணாச்சி."

"பின்னே எப்படி?"

"ஏதோ... அதிர்ஷ்டம்."

அவர் நம்பினார். "உங்கப்பா செஞ்ச புண்ணியம்" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா கதவோரம் ஒரு துண்டை விரித்துப் படுத்தார். பாத்ரூமுக்குப் போகிறவர்கள் எல்லாம் அவர் காலைத் தாண்டித்தான் போனார்கள். என் பெர்த்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுத எனக்கும் ஆசைதான். விருதுநகர் வரை யோசித்தேன். மதுரைக்கு முன்னால் தூங்கிப்போனேன்.

நான் படித்தது பி.காம். முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் வியாபாரிகள் கணக்கு எழுதிய விதத்தை 1494ல் லூக்கா பாசியோலி என்கிற இத்தாலியத் துறவி புத்தகமாக அச்சில் போட்டார். ஐந்நூறு வருஷம் தாண்டியும் நாம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். காசு ஆகாயத்தில் இருந்து விழாது.

பெர்த்தும் அப்படித்தான். ரயில்வே எமர்ஜென்சி கோட்டா என்று கொஞ்சம் பெர்த்தை ஒதுக்கி வைக்கிறது. மந்திரி, நீதிபதி, எம்.பி. என்று பதவி வரிசைப்படி கேட்டவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் அது வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போகும். எங்கள் லெட்டர் போகாமல் இருந்திருந்தால் வரிசை இரண்டு படி நகர்ந்திருக்கும். அந்தத் தம்பதிக்கு முழு பெர்த் இல்லாவிட்டாலும் ஆர்.ஏ.சி.யில் உட்காரவாவது ஒரு இடம் வந்திருக்கும்.

எம்.பி.யின் லெட்டர் ஒரு விசித்திரமான ரசீது. வரவு வைத்த பெயர் மட்டும் அதில் இருக்கும். பற்று எழுதிய பெயர் எங்கேயும் இருக்காது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. என் கெட்ட நேரம், பற்றுப் பக்கம் அடுத்த ஸ்டேஷனிலேயே ஏறிவிட்டது.

சரி, அந்த எம்.பி.யைக் குற்றம் சொல்லலாமா? அதற்கு முன்னால் ஒரு எம்.பி.யின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். செய்திக்காக இவர்கள் பின்னால் அலைந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். பார்லிமென்ட்டில் மைக் முன்னால் நின்று முழங்குவதுதான் எம்.பி. வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவர்கள் வாழ்க்கையில் மிகச் சின்ன பகுதி.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 2009 தேர்தலில் இருந்து தென்காசித் தொகுதிக்குள் இருக்கின்றன. ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சுமார் 15 லட்சம் வாக்காளர்கள். 2019ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு நாலு சட்டமன்றத் தொகுதிகளுக்குத் தென்காசி கலெக்டர், எங்கள் இரண்டு ஊருக்கும் விருதுநகர் கலெக்டர். யார் எம்.பி.யாக வந்தாலும் இரண்டு கலெக்டர் ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டும். தென்காசியில் ஒரு கல்யாணத்துக்கு அட்சதை போட்டுவிட்டு வத்திராயிருப்பில் ஒரு துக்கத்துக்கு மாலையோடு போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். போகாவிட்டால்? "ஓட்டுக் கேக்க மட்டும் வரத் தெரிஞ்சுது" என்பார்கள். நாம்தான் சொல்வோம். நானே சொல்லியிருக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு வாசலில் கூட்டம். அதில் பாதிப் பேரின் பிரச்னை எம்.பி.க்குச் சம்பந்தமே இல்லாதது. குடிதண்ணீர் வரவில்லை என்றால் அது நகராட்சி. பட்டா மாறவில்லை என்றால் தாலுகா ஆபீஸ். வாய்க்கால் சண்டை என்றால் போலீஸ் ஸ்டேஷன். "இது என் வேலை இல்லம்மா" என்று ஒரு எம்.பி. சொன்னதை நான் கேட்டதில்லை. போனை எடுத்து யாருக்கோ பேசுவார். எதிர்முனையில் இருப்பவர் "சரிங்கய்யா" என்பார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். வேலை நடந்ததா என்பது வேறு விஷயம். யாரோ ஒருவர் நமக்காகப் போன் பண்ணினார் என்கிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே பலர் வருகிறார்கள்.

மத்தியானம் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993ல் வந்த திட்டம் இது. இப்போது வருஷத்துக்கு 5 கோடி. கேட்கப் பெரிசாக இருக்கிறது இல்லையா? பழைய பி.காம். புத்தியோடு 15 லட்சம் வாக்காளர்களுக்கு வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 33 ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வராது. அந்தப் பணத்தையும் எம்.பி. கையில் கொடுப்பதில்லை. இன்ன இடத்தில் இன்ன வேலை என்று பரிந்துரை மட்டும்தான் செய்யலாம். அனுமதியும் செலவும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடையில் எம்.பி. பெயர் பெரிதாகத் தெரிந்தால், அதற்கு எத்தனை கடிதம் போயிருக்கும் என்று யோசியுங்கள். கொரோனா சமயத்தில் 2020 ஏப்ரலில் அந்த நிதியையும் நிறுத்தி வைத்தார்கள். மறுவருஷம் நவம்பரில்தான் திரும்ப வந்தது.

இதற்கு நடுவில் டெல்லி. அங்கே வேறு விதமான வரிசை. கேள்வி கேட்க வேண்டுமென்றால் முழுசாக 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதாது, குலுக்கலில் பெயர் வர வேண்டும். மந்திரி வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான். 543 பேர் இருக்கும் சபையில் 20. அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்துக்கு மேல் பேச நேரம் கிடைப்பது அபூர்வம். மிச்சம் 230 கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில். அன்றைக்கு அமளி என்றால் அந்த நாலைந்தும் போச்சு. முதல் லோக்சபா ஐந்து வருஷத்தில் 677 நாள் கூடியது. 2019ல் அமைந்த பதினேழாவது லோக்சபா கூடியது 274 நாள். ஆக, எம்.பி.யே வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருக்கிறார் பாருங்கள். அவருக்கு லெட்டர் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்படிப்பட்டவர், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு பையன் வந்து நிற்கும்போது என்ன செய்வார்? அவர் கையில் நிஜமாக இருக்கும் ஒரே அதிகாரம் அந்த நாலு வரி. கொடுத்துவிடுகிறார். கொடுக்காமல் இருக்க மனசு கல்லாக இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு வள்ளுவர் ஞாபகம் வருகிறார். (உடனே திருக்குறளா என்று சலித்துக்கொள்ளாதீர்கள், இது பரீட்சைக்கு வராத விஷயம்.) ஆட்சி செய்கிறவர்களுக்குப் புத்தி சொல்லும் பொருட்பாலில் செங்கோன்மை என்று ஒரு அதிகாரம், 55வது. அதன் முதல் குறளிலேயே, யார் பக்கமும் கண் சாயாமல் விசாரித்து முறை செய் என்கிறார். மூன்று அதிகாரம் தள்ளி, 58வதாக, கண்ணோட்டம். அதில், எதிரில் நிற்பவனைப் பார்த்து இரங்காத கண் என்ன கண், முகத்தில் இருக்கும் புண் என்கிற அளவுக்குப் போகிறார். ஐயா, எதைத்தான் செய்வது? கண்ணைத் திறப்பதா, மூடுவதா?

வள்ளுவர் குழம்பிப்போகவில்லை. கண்ணோட்டம் அதிகாரத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். தன் கடமை கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவனுக்குத்தான் உலகம் சொந்தம் என்கிறார். இரக்கம் காட்டுகிறவனுக்கு என்று சொல்லவில்லை, கடமை கெடாமல் காட்டத் தெரிந்தவனுக்கு. அந்தச் சின்ன நிபந்தனையில்தான் நம் எம்.பி. மாட்டிக்கொள்கிறார். எதிரே நிற்பவனின் முகம் தெரிகிறது. அவன் அப்பாவின் மூச்சிரைப்பு காதில் கேட்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பிளாட்பாரத்தில் எக்ஸ்ரே கவரோடு நிற்பவரின் முகம் தெரியவில்லை. தெரிந்த முகத்துக்கு இரங்குவது சுலபம். தெரியாத முகத்துக்கு இரங்குவதற்குப் பெயர்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்.பி.க்களே இந்தச் சிக்கலில் திணறிய கதை ஒன்று உண்டு. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் எம்.பி. கோட்டா இருந்தது. ஆளுக்கு வருஷம் 10 மாணவர்கள். லோக்சபாவில் 543, ராஜ்யசபாவில் 245, மொத்தம் 788 பேர். பெருக்கினால் 7,880 சீட். பத்துப் பேருக்குக் கொடுத்தால் நூறு பேரின் கோபம் வரும். 2022ல் சபையிலேயே இந்தப் பேச்சு எழுந்தது. பத்து போதாது, ஒன்று கூட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று உறுப்பினர்களே கேட்டார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் எடுத்தே விட்டார்கள். அதிகாரத்தைப் பிடுங்கினால் அரசியல்வாதிக்குக் கோபம் வரும் என்றுதான் நினைப்போம். ஒரு எம்.பி.யிடம் அப்போது கேட்டேன். "தலைவலி போச்சு சார்" என்றார். பள்ளிச் சேர்க்கை மாதம் வந்தால் போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வாராம்.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். கோட்டா போனதால் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடவில்லை. வரிசை நேராயிற்று, நீளம் குறையவில்லை.

வரிசையின் நீளத்தைக் குறைத்த ஒரு எம்.பி.யும் எங்கள் பக்கம் இருந்தார். இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, காமராஜர் 1952 தேர்தலில் ஜெயித்து லோக்சபாவுக்குப் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் இருந்துதான். (அதே தேர்தலில் அப்போது முதலமைச்சராக இருந்த ராஜபாளையத்து பூ.ச. குமாரசாமி ராஜா சொந்த மண்ணிலேயே சட்டமன்றத்துக்குத் தோற்றார். தோற்ற மனுஷர் தன் வீட்டை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். இன்றைய காந்தி கலை மன்றம் அதுதான். எங்கள் ஊர் ஓட்டுக்கு அப்படி ஒரு குணம்.) அந்தத் தொகுதியின் எம்.பி.யாகக் காமராஜர் இருந்தது இரண்டு வருஷம்தான். 1954ல் முதலமைச்சராகச் சென்னைக்குத் திரும்பினார். 1956ல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது.

இதை நான் லெட்டர் கணக்கில் யோசித்துப் பார்க்கிறேன். பசியோடு இருக்கும் ஒரு பையனை ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுக்கலாம். அவன் ஆயுசுக்கும் கும்பிடுவான், இன்னொரு பையன் வெளியே நிற்பான். பள்ளிக்கூடத்திலேயே சோறு போட்டுவிட்டால் யாரும் யாரையும் கும்பிட வேண்டாம். அந்தப் பையனுக்குச் சோறு போட்டவர் யாரென்றே தெரியாமல் போகலாம். அரசியல்வாதிக்கு அது நஷ்டம். காமராஜரே 1967ல் விருதுநகரில் தோற்றார்தானே.

ரயில் கணக்குக்கு வருகிறேன். ஒரு பழைய ஸ்லீப்பர் கோச்சில் 72 பெர்த், புதிய எல்.எச்.பி. கோச்சில் 80. ஒரே ஒரு கோச்சைக் கூடுதலாக மாட்ட ஒரு எம்.பி. வருஷம் முழுக்கப் போராடி ஜெயித்தால், அது தினமும் 72 லெட்டருக்குச் சமம். அதிலும் யாருடைய பெர்த்தையும் பிடுங்காத லெட்டர். ஆனால் என்னைக் கேட்டால், அந்த வாசலில் நின்ற முப்பது பேரில் ஒருவன்கூட "அய்யா, ஒரு கோச் வேணும்" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டு பெர்த்.

அதனால் எம்.பி. எதற்குக் கோச்சுக்காக மல்லுக்கட்ட வேண்டும்? கோச் வந்தால் "ரயில்வே விட்டான்" என்போம். லெட்டர் வந்தால் "அய்யா கொடுத்தார்" என்போம்.

இந்த வம்பு புதுசும் இல்லை, நம் ஊருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 1774ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜெயித்த எட்மண்ட் பர்க், ஜெயித்த கையோடு வாக்காளர்களிடம் ஒரு பேச்சுப் பேசினார். நான் உங்கள் ஏஜென்ட் இல்லை, நீங்கள் சொன்னதை எல்லாம் அப்படியே செய்ய மாட்டேன், முழு நாட்டுக்கும் எது நல்லது என்று என் புத்திக்குப் படுகிறதோ அதைச் செய்வேன் என்பது அதன் சாரம். இன்றுவரை அரசியல் மாணவர்கள் அந்தப் பேச்சைப் படிக்கிறார்கள். பிரிஸ்டல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர்ப்பக்கம் வருவதில்லை, எங்கள் வியாபாரத்துக்கு எதிராகப் பேசுகிறார் என்று முகம் திருப்பினார்கள். 1780ல் தோற்பது நிச்சயம் என்று தெரிந்து அவரே போட்டியில் இருந்து விலகிவிட்டார். நம் எம்.பி.க்கு பர்க் மாதிரிப் பேசவும் வழியில்லை. 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கட்சிக் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவியே போய்விடலாம். டெல்லியில் சொந்த புத்திக்கு வேலை குறைந்தது. ஊரில் கையெழுத்துக்கு மட்டும் வேலை இருக்கிறது.

அதே பிரிட்டனிலும் இன்றைக்கு எம்.பி.க்கள் வாராவாரம் தொகுதியில் உட்கார்ந்து வீட்டுப் பிரச்னை, விசா பிரச்னை என்று குறை கேட்கிறார்கள். அதற்கு அங்கே பெயர் "சர்ஜரி". 2021ல் டேவிட் அமெஸ் என்கிற எம்.பி.யை அப்படி ஒரு சந்திப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் குத்திக் கொன்றான். அதற்குப் பிறகும் அங்கே யாரும் கதவைச் சாத்திவிடவில்லை.

கதவு திறந்திருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. லெட்டரை நிறுத்திவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று சுலபமாகச் சொல்லலாம். யாருக்கு நிற்கும்? பெரிய மில்காரருக்கு எம்.பி. லெட்டர் தேவையில்லை. அவருக்கு டிராவல் ஏஜென்ட் இருக்கிறார், பிளேன் இருக்கிறது, மதுரை ஏர்போர்ட் இரண்டு மணி நேரம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற பெண்ணுக்கு யாரைத் தெரியும்? அவள் பையனுக்கு இதயத்தில் ஓட்டை என்றால் பிரதமர் நிவாரண நிதிக்கு மனு எழுதி, அதோடு எம்.பி.யின் கடிதத்தை இணைத்து அனுப்புவாள். சொந்தக்காரர்களில் ஒரு குமாஸ்தாகூட இல்லாத குடும்பத்துக்கு, ஓட்டுப் போட்ட உரிமையில் "எனக்கு ஒருத்தரைத் தெரியும்" என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே ஆள் எம்.பி.தான். அந்த வாசலையும் சாத்திவிட்டு நியாயம் பேசினால் அது வயிறு நிறைந்தவனின் நியாயம்.

ஆனால் அந்த வாசலில் முதலில் நிற்பது அந்தப் பெண்ணா, என்னை மாதிரி சிபாரிசோடு வந்தவனா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நாற்பதுக்கு மேல் இருந்தவன் ஒன்றாம் நம்பரைத் தாண்டிப் போனது ஏழ்மையால் இல்லை. அப்பாவின் சிநேகிதரால்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. 2005 டிசம்பரில் சபையில் கேள்வி கேட்கக் காசு வாங்கினார்கள் என்று ரகசிய கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்களைப் பார்லிமென்ட் வெளியே அனுப்பியது. நாம் எல்லோரும் கைதட்டினோம். கேள்விக்குக் காசு வாங்கினால் குற்றம். லெட்டருக்கு ஓட்டு வாங்கினால்? ஒன்றாம் நம்பர்காரரின் இடத்தை எடுத்து எனக்குக் கொடுத்து, அதற்கு என் வீட்டு நாலு ஓட்டை நன்றியாக வாங்கிக்கொள்வது எந்தக் கணக்கில் வரும்? அது வேறு, இது வேறு என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். வேறுதான். எவ்வளவு வேறு என்பதில்தான் கணக்கு இடிக்கிறது.

அப்பா ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது வருஷம் நன்றாக இருந்தார். அந்த ரயிலைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வீட்டம்மாவுக்கு என்ன ஆச்சோ, பேரையாவது கேட்டிருக்கலாம்" என்றார். பேரைக் கேட்டிருந்தால் என் பெர்த்தைக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

போன வாரம் ராஜபாளையத்தில் இருந்து வழக்கமான போன். தூரத்து உறவு. மகளுக்குச் சென்னையில் இன்டர்வியூ. "வேற யாரையும் தெரியாதுண்ணே, உங்களைத்தான் நம்பியிருக்கோம்." பி.என்.ஆர். நம்பரை எழுதிக்கொண்டேன். தெரிந்த எம்.பி. ஒருவரின் பி.ஏ.வைக் கூப்பிட்டேன். எந்தத் தொகுதி என்று தேட வேண்டாம், இந்த விஷயத்தில் தொகுதி எல்லை எல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

"அண்ணே, அந்த ரயிலுக்கு ஏற்கெனவே ஒன்பது வந்திருக்கு. அய்யா ரெண்டு மூணுக்கு மேல போட வேணாம்னுட்டாரு. இருங்க, நீங்களே சொல்லுங்க எதைப் போடன்னு" என்று சிரித்துக்கொண்டே லிஸ்ட்டை வாசிக்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் போகும் நாலு பேர். கோர்ட் கேஸ் ஒருவர். வெளிநாடு போகிற மகனை வழியனுப்ப ஒரு குடும்பம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கண் ஆபரேஷனுக்கு ஒருத்தர்.

"எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்ணே. கூட அவர் வீட்டம்மா."

"நீங்களே பார்த்துப் போடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எழும்பூரில் இறங்கியதும் அந்தப் பெண் மெசேஜ் அனுப்பினாள். பெர்த் கிடைத்தது, தேங்க்ஸ் அங்கிள். வேறு யார் யாருக்குப் போட்டார் என்று பி.ஏ.விடம் நான் கேட்கவில்லை.